பிள்ளை இல்லை என்று எழுதச் சொன்ன நாள்

என் முதல் நினைவு ஒரு பஸ். ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாருடைய மடியிலோ படுத்திருக்கிறேன். அந்த வேட்டி ஈரமாக, அரிசிச் சாக்கின் வாசத்தோடு இருக்கிறது. வெளியே வயலும் வானமும் ஒரே தண்ணீராய்க் கிடக்க, பஸ் அதன்மேல் மிதந்து போவதுபோல் தோன்றுகிறது. அதற்கு முன்னால் எதுவும் எனக்கு நினைவில்லை.

அந்த மடி என் அப்பாவுடையது. வேதாரண்யம் பக்கம் புயல் அடித்துக் கடல் ஊருக்குள் வந்த வருஷம், எங்கள் கிறிஸ்தவ சபையார் திரட்டிய அரிசி மூட்டைகளோடு அவர் அங்கே போயிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைத்திருந்த பிள்ளைகளில் என்னைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை. மூன்று வயது இருக்கலாம் எனக்கு. பத்து நாள் பார்த்துவிட்டு, அங்கிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு அப்பா என்னைத் தூக்கி வந்துவிட்டார்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு மிராசுதாரரின் இரண்டு ஏக்கர் நிலத்தை அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் அவருக்கும் அம்மாவுக்கும் குழந்தை இல்லை. அன்று அம்மா என்னை வாங்கித் தலையைத் துவட்டி, சோறு பிசைந்து ஊட்டித் தூங்கவைத்தாளாம். "எங்கேர்ந்து கொண்டாந்தீங்க?" என்று மறுநாள்தான் கேட்டாளாம்.

இதை அவர்கள் என்னிடம் மறைத்ததே இல்லை. ஆனாலும் நான் அந்த வீட்டில் கால் ஊன்றாமலே வளர்ந்தேன். நடவு முடிந்த வயலில் மேகங்கள் நகரும்போது வரப்பில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தண்ணீருக்கு அடியில் வேறொரு வீடு இருப்பதாகவும், அங்கே என்னை வேறு பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவதாகவும் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் கடவுளைத் தகப்பனே என்று அழைத்து ஜெபிப்பார்கள். என் வாயும் சொல்லும். விருந்துக்குப் போன வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அப்பா என்று கூப்பிடுவது போலக் கூச்சமாக இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது நிலத் தகராறில் ஊர் கொதித்துக் கிடந்தது. வயல் முனையில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. அறுவடைக்குப் போலீஸ் வேன் வந்து நின்றது. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டபடி உள்ளே நின்றார். அம்மாவும் நானும் ஜன்னலோரம் நின்றோம்.

மிராசுதாரரின் காரியஸ்தர் முன்னால் வந்து, "ஐயா, இவன் பேரைப் பதிஞ்சுக்குங்க. நாங்க ஆட்சேபணை பண்ணல. ஆனா இவனுக்குப் பிள்ளை இல்லைன்னு வாக்குமூலத்துல எழுதிடணும். இவன் காலத்துக்கு அப்புறம் நிலம் எங்ககிட்ட வந்துடணும்" என்றார்.

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். "என்னப்பா, சம்மதமா?"

"எனக்கு மக இருக்குதுங்கய்யா. அந்தா, வெளியில நிக்குது."

காரியஸ்தர் சிரித்தார். "அது புயல்ல ஒதுங்கின பிள்ளைங்க. ஏம்பா, சுவிகாரம் எடுத்த பத்திரம் வச்சிருக்கியா? உங்க மதத்துல அதுக்குச் சட்டமே கிடையாதே!"

"பத்திரம் இல்லைங்க."

"அப்புறம் என்ன? ரெண்டு வார்த்தை எழுதினா நிலம் உனக்கு. உன் பிள்ளையை யாரும் தூக்கிட்டுப் போகப்போறதில்ல."

அதிகாரி கைரேகை மையை அவர் பக்கம் நகர்த்தினார். எனக்கு ஜன்னல் கம்பி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. உள்ளே நடப்பதெல்லாம் கனவில் நடப்பதுபோல் தூரத்தில் இருந்தது. அப்பா கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

"பிள்ளையை வச்சிக்கிட்டு இல்லைன்னு எப்படிங்கய்யா சொல்றது?" என்றார். அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வாய்க்காலைத் தாண்டும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு, "நல்ல வேலை பண்ணிட்டு வந்தீங்க" என்றாள். அது திட்டா, பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் கையை வீடு வரும்வரை அவள் விடவில்லை.

காரியஸ்தர் ஆட்சேபணை மனு போட்டார். அடுத்த சாகுபடிக்கு அப்பாவை வயலில் இறங்கவிடவில்லை. அவர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்றுப் பறிக்கப் போனார். ஒரு நாள் கஞ்சி கொண்டுபோனபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னாலதானே நிலம் போச்சு?"

அவர் சேற்றுக் கையை வாய்க்காலில் அலசினார். "உன்னால என்ன? அவங்க கேட்டாங்க, நான் உள்ளதைச் சொன்னேன். ஊறுகாய் கொண்டாந்தியா?"

அந்த வருஷக் கடைசியில் கோயிலில் எனக்கு, ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கு நடந்தது. போதகர் அன்று பிரசங்கத்தில், கடவுள் நம்மைச் சுவிகாரப் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்றும், அதனால் நாம் அவருக்கு வாரிசுகள் என்றும் சொன்னார். என் பக்கத்துப் பெண்கள் விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். நானோ சுவிகாரம் என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரியஸ்தர் வாயிலிருந்து வந்த அதே சொல்; அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்த சொல் அது. கடவுள் என்றதும் அதுவரை எனக்கு ஒரு வெளிச்சம்தான் தோன்றும். அன்று, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு யாரோ எனக்காக நிற்பதுபோல் தோன்றியது. ஜெபத்தில் அப்பா என்று சொன்னேன். கூச்சம் இல்லை. தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தவளுக்குக் காலடியில் மண் தட்டினாற்போல் இருந்தது.

வழக்கு நான்கு வருஷம் இழுத்தது. கடைசியில் இரண்டு பக்கத்தாரும் பேசி, ஓர் ஏக்கர் அப்பா பெயருக்குப் பதிவானது. மற்றதை மிராசுதாரர் எடுத்துக்கொண்டார். உத்தரவு வந்ததும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். அப்பாவின் பெயர், சர்வே எண், பரப்பு. பிள்ளை இல்லை என்றோ மகள் உண்டு என்றோ அதில் எங்கும் ஒரு சொல் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அம்மா கொஞ்சம் அழுதாள். ஆற்றில் தண்ணீர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை மூன்று பேருமாக வயலுக்குப் போய் நாற்றங்காலுக்கு வரப்போரம் செதுக்கி அண்டை வெட்டினோம்.