நான் மறுக்காமல் விட்ட பேச்சு

சிவனடியார்களுக்கு வணக்கம். 2007இல் என் அக்காவும் அவர் கணவரும் சூளகிரி அருகே லாரி மோதி ஒரே நாளில் போய்விட்டார்கள். ஒரே மகள் பவித்ராவுக்குப் பதினொரு வயது. நான் அவளுக்குத் தாய்மாமன். ஓசூரில் கம்பெனி வேலை, கல்யாணம் ஆகவில்லை. நானும் என் அம்மாவும் அவளை எங்களோடு வைத்துக்கொண்டோம்.

காப்பாளராக என்னை நியமிக்கச் சொல்லி கிருஷ்ணகிரி கோர்ட்டில் மனுப் போட்டேன். போச்சம்பள்ளியில் இருக்கும் பவித்ராவின் அத்தை, தன்னிடம் விடச் சொல்லி எதிர்மனுப் போட்டார். எங்கள் சொந்தக்காரர்கள் என் பக்கம் நின்றார்கள்.

"எப்படியும் நீதான கட்டிக்கப் போற? முறைப் பொண்ணை யாருடா விடுவாங்க?" என்றார் பெரியப்பா.

அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது எங்களில் வழக்கம். எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மறுத்தால் இவர்கள் கைவிட்டுவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பேச்சு அவள் காதிலும் விழும் என்று எனக்கு உறைக்கவில்லை. பாவி நான். என் பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்தவள், நான் வந்தாலே எழுந்து உள்ளே போனாள். பெற்றோரை நினைத்து வாடுகிறாள் என்றிருந்தேன். பிரதோஷம் தவறாமல் மலைக்கோயில் ஏறி, "ஈஸ்வரா, பிள்ளையை என்னிடமே கொடு" என்று அழுதேன்.

விசாரணையன்று ஜட்ஜம்மா அவளிடம் தனியாகப் பேசிவிட்டு எங்களை அழைத்தார்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட இருக்கப் பயப்படுது. நீங்க கட்டிக்கப் போறீங்களாமே?"

கூனிக் குறுகிப் போனேன். கண்ணை மூடினேன். "எங்கே பயமில்லாமல் இருப்பாளோ அங்கே விடு ஈஸ்வரா, என்னிடம் இல்லாவிட்டாலும் சரி." அப்படித்தான் வேண்டத் தோன்றியது.

"இல்லைங்கம்மா. அவ எனக்கு மக மாதிரி. இத்தன நாளா சொல்லாம இருந்தது என் தப்பு" என்றேன். பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தை அழுதார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேனே தம்பி!"

யாரோடு இருக்க விருப்பம் என்று ஜட்ஜம்மா அவளை மறுபடியும் கேட்டார். பவித்ரா அத்தையைத்தான் காட்டினாள். நான் தடை சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் போச்சம்பள்ளி போனேன். முதலில் கதவுக்குப் பின்னால் நின்றாள். பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு பொங்கலுக்குத் தானே ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டு, "மாமா, பாரூர் ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். ஏரிக்கரை வரை எனக்கு ரோடே சரியாகத் தெரியவில்லை, கண்ணெல்லாம் நீர்.

அடியார்களே, அவனை நம்பி விட்டுக்கொடுங்கள். பிள்ளையை அவன் பார்த்துக்கொள்வான். இப்போதும் மலை ஏறுகிறேன். எதையும் கேட்பதில்லை. என் வீட்டிலேயே அவள் என்னைக் கண்டு பயந்திருந்த நாட்களுக்கு மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு இறங்குகிறேன்.