கலாவதி மறுபடி கீறிய ரிலே

கலாவதி போய்விட்டா என்று அவவின் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, ஓர்ஸ் ஹில்லில் எங்கள் இருவருடைய சின்ன வேலைத்தலத்தில் இருந்தேன். மாரடைப்பாம். சும்மா கதை கதையாதையும் என்று அவரை ஏசிவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது.

அவவைத் தெரிந்த உங்கள் எல்லோருக்கும் அவவின் நக்கலும் தெரியும். நாங்கள் ஒரே வயதுக்காரர், ஆனாலும் "நீங்கள்" என்றுதான் கதைப்போம், சண்டையும் "நீங்கள்" போட்டே பிடிப்போம். வள்ளங்களுக்குச் சின்னச் சின்ன மின்னணுக் கருவிகள் செய்வது எங்கள் தொழில். நான் அவசரக்காரன். அவவைப் பொறுமைசாலி என்று சொல்லமாட்டேன், பிடிவாதக்காரி.

ஒருமுறை சல்லி என்ற ஊரில் இருந்து, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற யோகன் அண்ணை வந்து, வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் கத்துகிற அலாரம் ஒன்று கேட்டார். கொம்பியூட்டரில் சேர்க்கிட் படத்தைக் கீறி முடித்தோம். பிழை பார்க்கச் சொன்னால், அலாரத்துக்கு மின்சாரம் விடுகிற சுவிட்சான ரிலேயின் ஒரு காலில் கம்பி தொடவில்லை என்றது மென்பொருள். திரையில் தொட்டுக்கொண்டுதான் நின்றது. "இதுக்கு விசர்" என்றேன். கலா படத்தைப் பெருப்பித்தா. இணையத்தில் எடுத்த ரிலேக் குறியீட்டின் கால், திரையின் கட்டக்கோட்டில் விழாமல் மயிரிழை அளவு விலகியிருந்தது. "பாத்தீங்களே, தொட்டமாதிரி நடிக்குது" என்று சிரித்தா. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, ரிலேயைக் கையில் வைத்துப் பார்த்துத் தானே புதுக் குறியீடு கீறினா. மென்பொருள் இப்போது பிழை ஒன்றும் இல்லை என்றது.

நான் படத்தைச் சேர்க்கிட் பலகை அடிக்கக் கொழும்புக்கு அனுப்ப எழும்பிவிட்டேன். யோகன் அண்ணையும், "வாடைக்காத்து தொடங்க முதல் வேணும் பிள்ளை" என்று நெருக்கினார். கலா அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. தண்ணி வரேக்கை கத்தாட்டி, பிறகு இது எதுக்கு?"

கீறினவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அவ கால்களின் இலக்கங்களை வாசித்தா, நான் ரிலேயோடு வந்த தாளில் ஒப்பிட்டேன். இடம் வலமாக மாறிக் கிடந்தது. பலகையின் பின்பக்கம் ஈயம் பற்றுவைத்தே பழகின எங்களுக்கு எந்தப் பாகத்தையும் கவிழ்த்துக் கால் பக்கமாகப் பார்ப்பதுதான் பழக்கம். அவவும் அப்படியே பார்த்து இலக்கம் போட்டிருந்தா. தாளில் உள்ளபடி மேலிருந்து பார்த்து எண்ணியிருக்கவேணும். கம்பி தொடுகிறதா என்று மட்டும் பார்க்கிற மென்பொருளுக்கு இதைக் கண்டுபிடிக்க ஏலாது. அனுப்பியிருந்தால் அலாரம் ஊமையாகவே இருந்திருக்கும்.

"பிழை என்ரதான் அண்ணை" என்று யோகன் அண்ணையின் முகத்துக்கு நேரே சொன்னா. "இன்னொருக்காக் கீறித்தான் தருவன்."

அவர் முறுகிக்கொண்டு போனார். வந்த ஆளைக் கலைத்துவிட்டாவே என்று எனக்கும் எரிச்சல். அவவோ பாட்டொன்றை முணுமுணுத்தபடி மறுபடி கீறினா. பிழை பிடிபட்ட நாளில் அவவுக்கு அப்படியொரு சந்தோஷம்.

செத்தவீட்டில் யோகன் அண்ணை அவவின் அம்மாவுக்கு முன்னால் வந்து குந்தினார். "பிள்ளை தந்த அலாரம் போன மாசம் கடலுக்கை கத்தினது அம்மா. நானும் மகனும் தண்ணியை இறைச்சு இறைச்சுக் கரைக்கு வந்தனாங்கள்" என்றார். எங்களிடம் அவர் இதைச் சொல்லியிருக்கவில்லை. அம்மா அவரின் கையைப் பிடித்துக்கொண்டா.

பிழை என்னுடையது என்று சிரித்த முகத்தோடு சொல்ல எனக்கு இன்னும் வராது. அவவிடமிருந்து இனியாவது நான் பழகவேண்டியது அதைத்தான். யோகன் அண்ணையும் மகனும் இன்று காலையும் கடலுக்குப் போயிருக்கிறார்கள்.