நடீன் இறங்கிப் பார்க்காத நாள்

நெவாடாவில் ஃபெர்ன்லி என்ற ஊரில், நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தத்தில் பதினோரு வருடங்களாக டயர் மாட்டுகிறேன். என் கடைக்கு முன்னால் வந்து நின்ற ஓட்டுநர்களிலேயே எனக்கு அதிக எரிச்சலைக் கிளப்பியவள் நடீன் விட்டெக். நெப்ராஸ்காக்காரி, வயது அறுபத்து மூன்று, இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனவள். பத்து நாளைக்கு ஒருமுறை மாட்டிறைச்சிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியா போகிற வழியில் இங்கே நிற்பாள். நின்றால் என் உயிரை எடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

நீளமான டிரெய்லரின் பின்சக்கரங்களை அச்சோடு சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்தலாம். நெவாடா வரை அவை பின்னால் தள்ளி இருந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. கலிபோர்னியாவில் டேப் வைத்து அளப்பார்கள். டிரெய்லர் லாரியோடு கோத்துக்கொள்ளும் இடத்திலிருந்து கடைசி அச்சு வரை நாற்பது அடிதான். சரி என்று முன்னால் தள்ளினால் அந்த அச்சுகளின் மேல் பாரம் கூடும். அதுவும் முப்பத்து நாலாயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது. அதனால் மலையேறுவதற்கு முன் எங்கள் ஊரில் நிறுத்தி, சக்கரத்தை நகர்த்தி, எடைமேடையில் ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

சக்கரங்களை அந்தந்த இடத்தில் பிடித்து நிறுத்துவது நான்கு இரும்பு முளைகள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஓட்டுநர் பக்கமிருக்கும் கைப்பிடியை இழுத்தால் நான்கும் ஓட்டைகளிலிருந்து பின்வாங்கும். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு லாரியைப் பின்னால் எடுத்தால் சக்கரம் அசையாது, டிரெய்லரின் பெட்டி மட்டும் அதன் மேல் சறுக்கும். வேண்டிய இடம் வந்ததும் கைப்பிடியை விட்டுவிட வேண்டும். நான்கு முளைகளும் ஓட்டையில் விழுந்தால் பிழைத்தோம். விழவில்லையென்றால் மலை இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது சக்கரம் நிற்கும், நாற்பதாயிரம் பவுண்டு இறைச்சி நிற்காது.

உப்பும் துருவும் ஏறிய கைப்பிடியை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு லாரியையும் ஓட்ட முடியாது. அதனால் எங்களிடையே ஒரு பழக்கம் உண்டு. யாராவது திணறுவதைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கிறவன் கேட்காமலே வந்து கைப்பிடியைப் பிடிப்பான். முளை விழுந்ததும் டிரெய்லரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவான். அவ்வளவுதான், ஓட்டுநர் கிளம்பிவிடுவார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

நடீனுக்கு மட்டும் அந்த இரண்டு தட்டு போதாது. ஒவ்வொரு முறையும் முனகிக்கொண்டே இறங்குவாள், டார்ச்சோடு இந்தப் பக்கம் குனிவாள், பிறகு டிரெய்லரைச் சுற்றி நொண்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவாள்.

"ஏன், என் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்துவேன்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு டுவேன். அந்தப் பக்கம் வரைக்கும் எட்டுமான்னுதான் பாக்குறேன்."

"பதினோரு வருஷமா தட்டுறேன். ஒரு தடவையாவது தப்பாப் போச்சா கிழவி?"

"இல்ல கண்ணு. அதான் பயமா இருக்கு."

இதற்கெல்லாம் காரணம் ஹார்லன் என்று ஒருவன். ஒருமுறை காபி குடித்துக்கொண்டே அவளே சொன்னாள். இருபத்தைந்து வருடத்துக்கு முன் செயன் என்ற ஊர்ப் பக்கத்தில், முன்பின் தெரியாத அவனுக்காக அவள் கைப்பிடி பிடித்திருக்கிறாள். குளிர். இந்தப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இரண்டு தட்டு தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் முளை விழவில்லை. முதல் இறக்கத்திலேயே பெட்டி சறுக்கிச் சாய்ந்தது. ஹார்லனுக்கு வலது கால் போயிற்று. அவன் அவள்மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள்.

அறுபத்தைந்து வயது வரை ஓட்டிவிட்டால் அரசாங்க மருத்துவக் காப்பீடு வந்துவிடும், முழங்காலை மாற்றிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் அவள் கணக்கு. அதற்குள் வேலையை விட்டால் கம்பெனிக் காப்பீடும் போய்விடும். "இன்னும் ரெண்டு குளிர்காலம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். கேட்கிற எனக்கே அலுத்துவிட்டது, சொல்கிற அவளுக்கு எப்படி இருந்ததோ.

போன பிப்ரவரியில் ஒரு மதியம் வந்தாள். மழையும் பனியும் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தது. மலைமேல் பாதையை மூடியிருந்ததால் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றாள். திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் எல்லா லாரிகளும் ஒரே நேரத்தில் உறுமின. நான் சேற்றுப் பனியில் முட்டி போட்டுக் கைப்பிடியை இழுத்தேன். அவள் பின்னால் எடுத்தாள், இரண்டு ஓட்டை தள்ளி 'டக்'கென்று சத்தம் கேட்டது. என் பக்கம் இரண்டு முளையும் தெரிந்தன. அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எப்படியும் அவள் இறங்கிப் பார்ப்பாள். இரண்டு தட்டு தட்டினேன்.

அவள் இறங்கவில்லை. நேராக எடைமேடையில் ஏறினாள். இப்போதெல்லாம் எடை கைபேசிக்கே வந்துவிடுகிறது, அதற்கும் இறங்க வேண்டாம். ஹாரனை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பெருமையாக இருந்தது. கடைசியில் கிழவி என்னை நம்பிவிட்டாள்!

நாற்பது நிமிடத்தில் அதே லாரி திரும்பி வந்து என் கடை முன்னால் நின்றது. நடீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓடிப்போய்க் கேட்டேன்.

"முளை விழலையா?"

"விழுந்திருக்கு. நாலும். அடுத்த எக்ஸிட்ல ரோட்ட விட்டு வெளிய வந்து நிறுத்தி ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

"அப்புறம் என்ன? நான்தான் தட்டினேன்ல?"

"நீ அந்தப் பக்கம் பாத்தியா?"

நான் முட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினேன்.

"உன்மேல தப்பில்ல. ஒரு கார்க்காரன் குறுக்க வந்தான். பிரேக்ல கால வச்சதுக்கப்புறம்தான் நெனப்பு வந்துச்சு, நான் இறங்கவே இல்லன்னு. மறந்துட்டேன்னா பரவால்ல டுவேன். மறக்கல. இறங்கணும்னு தெரியும். முட்டி வலிச்சுது, வேணாம்னு இருந்துட்டேன்."

"அதான் ஒண்ணும் ஆகலையே!"

"ஆகலைன்னு நான் பிரேக் அடிக்கிறப்ப எனக்குத் தெரியாது."

"ரெண்டு குளிர்காலம்னு சொன்னியே. முட்டிக்கு என்ன பண்ணுவ?"

"வலிக்கட்டும். அந்தக் கார்ல பின்சீட்ல ரெண்டு கொழந்தைங்க."

கம்பெனிக்கு அங்கிருந்தே போன் செய்து, வேறு ஆளை அனுப்புங்கள், நான் விலகிக்கொள்கிறேன் என்றாள். மறுமுனையில் யாரோ கத்துவது எனக்கே கேட்டது. அவள் போனை அணைத்தாள். தன் போர்வையையும் காபிக் குடுவையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் இறங்குவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு டயரைத் தேவையில்லாமல் உருட்டினேன்.

மறுநாள் மதியம் அந்த லாரியை எடுத்துப்போக ரீனோவிலிருந்து கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். நாற்பது வயதிருக்கும், அவசரக்காரன். ஏறி உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு, ஜன்னலை இறக்கி என்னைக் கேட்டான்.

"முளையெல்லாம் விழுந்திருக்குல்ல?"

நடீன் முந்தின நாளே பார்த்துவிட்டாள். அவள் பேருந்து ஏறிப் போன பிறகு நானும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டேன். நான்கும் உள்ளே இருந்தன.

"தெரியாது," என்றேன். "இறங்கிப் பாரு."