ஷார்ஜாவிலிருந்து மாடியறைக்கு

திண்டுக்கல் பேகம்பூரில் மிக்ஸி நின்றாலும், செல்போன் ஊமையாகிப் போனாலும், அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் கூப்பிடுவது நர்கீஸைத்தான். கல்யாணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். எதையும் பிரித்துப் பார்க்கப் பயப்படாதவள். தம்பி நியாஸ் விட்டுப்போன லேப்டாப்பில் வைரஸ் புகுந்தபோது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டாள். "இது என்னடி புது மாதிரியா இருக்கு?" என்று கணவர் முகமது பாரூக் கேட்டார். "பழகிட்டா சரியாப்போகும்" என்றாள்.

2009இல் தங்கை இஃப்பத்தின் நிக்காஹ் வந்தது. ஷார்ஜாவில் வேலை பார்த்த நியாஸுக்கு லீவு கிடைக்கவில்லை. "வீடியோவுல உன்னை எங்க எல்லாருக்கும் நடுவுல உக்கார வைக்கிறேன்டா, கவலைப்படாதே" என்று நர்கீஸ் வாக்குக் கொடுத்தாள். அம்மா வீட்டில் மோடம் கீழே முன்னறையில் இருந்தது. அங்கே ஆண்கள் கூட்டம். மணப்பெண் மாடியறையில். வயர் அவ்வளவு தூரம் எட்டாது; வயர்லெஸ்தான் வழி.

நிக்காஹ் அன்று காலையில் மாடியறையில் லேப்டாப்பைத் திறந்தால் வயர்லெஸ் இல்லை. பக்கத்து வீட்டு நெட்வொர்க்கின் பெயர்கூடத் தெரியவில்லை. மணப்பெண்ணிடம் சம்மதம் கேட்க வரும் பெரியவர்கள் லுஹர் என்னும் மதியத் தொழுகை முடிந்ததும் மாடியேறிவிடுவார்கள். அதற்குள் தம்பியின் முகம் திரையில் வந்தாக வேண்டும்.

"கடையில குடுத்துப் பாப்பமா?" என்றார் பாரூக்.

"செத்த நேரம் பொறுங்க."

மருதாணிக் கையோடு இஃப்பத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னக்கா, வராதா?"

"வரும். எங்க மாட்டிக்கிட்டு இருக்குன்னு பாக்குறேன்."

பக்கவாட்டிலிருந்த சின்ன வயர்லெஸ் ஸ்விட்சைப் பார்த்தாள். அது சரியாகத்தான் இருந்தது. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, உள்ளே என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்டாள். வயர்லெஸ் கார்டின் பெயர் வந்தது. 'உயிரோடதான் இருக்கு' என்று நிம்மதியானாள். பிறகுதான் முந்தைய நாள் தானே ஓடவிட்ட அப்டேட் ஞாபகத்துக்கு வந்தது. கார்டை இயக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; அப்டேட் கொண்டுவந்த புது டிரைவர், பழைய டிரைவரை முந்திக்கொண்டு கார்டைப் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு இந்தக் கார்டை ஓட்டத் தெரியவில்லை. இரண்டையும் இறக்கிவிட்டு, பழையதை மட்டும் ஏற்றினாள். ஒரு மூச்சு விடுவதற்குள் நெட்வொர்க் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

வீட்டு மோடத்தைத் தேர்ந்தெடுத்தாள். இணைந்துவிட்டதாகக் காட்டியது. ஆனால் இணையப் பக்கம் ஒன்றும் திறக்கவில்லை.

நர்கீஸ் செட்டிங்கைத் திறந்தாள். நெட்வொர்க் முகவரியை மோடத்திடமிருந்து தானாக வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் யாரோ எண்களை எழுதி வைத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல எதையாச்சும் தொட்டீங்களா?"

பாரூக் தலையைச் சொறிந்தார். "நெட் வரலைன்னதும், நீ கீழ சமையலாளுககிட்டப் பேசிட்டு இருந்தப்ப, தெரிஞ்ச பையன்கிட்ட போன்ல கேட்டு நாலு நம்பர் போட்டேன். சரியாயிரும்னு சொன்னான்."

"அது அவன் வீட்டு மோடத்துக்கு உள்ள நம்பருங்க!" நர்கீஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இஃப்பத்தும் சிரித்துவிட்டாள். எண்களை அழித்து, முகவரியை மோடமே கொடுக்கும்படி மாற்றினாள். லேப்டாப்பில் வீடியோ அழைப்பின் மணி ஒலித்தது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்துக் காத்திருந்த நியாஸ் திரையில் வந்தான்.

"இஃப்பத்து..." என்றான். அம்மா பக்ருன்னிசா முந்தானையால் திரையைத் துடைத்தார், அவன் முகத்தையே துடைப்பதுபோல.

பெரியவர்கள் வந்தார்கள். சம்மதம் கேட்டார்கள். இஃப்பத் தலையசைத்து, மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டதை அண்ணன் பார்த்தான், கேட்டான்.

பிறகு அவனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "அக்கா, சமையல்கட்டைக் காட்டு. பிரியாணிக்குத் தம் போட்டாச்சா?"

நர்கீஸ் திறந்த லேப்டாப்பைத் தாம்பாளம்போல இரு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். கொல்லைப்புறத்துப் பிரியாணி அண்டாவுக்கு அருகில் போனதும் படம் அசையாமல் நின்றது. ரெண்டு எட்டுப் பின்னால் வந்தாள். படம் மறுபடி ஓடியது.

"வயர்லெஸ் இம்புட்டு தூரந்தான் வரும்டா," என்றாள். "இங்கேயிருந்தே பாத்துக்க."