சாந்தகுமாரியின் கம்ப்யூட்டர் போட்ட சத்தம்

பாளையங்கோட்டைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் முதலிடம். டெல்லிக்கு வந்தபின், பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதிக் கொடுக்க வருவதாகச் சொன்ன மூன்று பேர் கடைசி நேரத்தில் கையை விரித்தும், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் எழுபத்தெட்டு சதவீதம். ஆர்.கே. புரத்திலிருந்து தனியாகப் பஸ் ஏறித் தனியாகத் திரும்பிவர அண்ணனிடம் வாங்கிய அனுமதி. காஸ் அடுப்பைப் பற்றவைக்க மதினியிடம் வாங்கிய அனுமதி. முந்தையதைவிட இது கடினமாக இருந்தது. தபால் வழியில் தமிழ் பி.ஏ. அதே வழியில் எம்.ஏ. முதல் வருடம். பார்வையற்றோர் சங்கம் ஒன்று நடத்திய வினாடி வினாவில் முதல் பரிசாக, பெட்டியும் திரையும் விசைப்பலகையுமாக ஒரு முழுக் கம்ப்யூட்டர்.

இத்தனையும் ஜெயித்த சாந்தகுமாரிக்கு இரண்டு வயதில் மணல்வாரி அம்மை போட்டு இரு கண்ணும் போயிருந்தது.

அவளைவிடப் பதினான்கு வயது மூத்த அண்ணன் கருப்பசாமி இந்தப் பட்டியலை ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்வார். தனக்குத் தெரிந்த ஹிந்தியில், ஒன்றுவிடாமல், வரிசை மாறாமல். கோவில்பட்டியில் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளை மேஜைக்கு மேஜை கொண்டு சேர்க்கும் வேலை. அவர் கைக்கு வந்த கோப்பு வழிதவறியதாக இதுவரை ஒரு புகாரும் இல்லை.

எம்.ஏ. இரண்டாம் வருடத்துக்கு வந்த புத்தகங்கள் எல்லாம் அச்சில் இருந்தன. கம்ப்யூட்டர், தட்டச்சு செய்த எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும்; இந்தப் புத்தகங்களைப் படம் பிடித்துக் கொடுத்தால் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு ஏதோ உளறியது. யாராவது வாசித்துக் கொடுக்க வேண்டும். கருப்பசாமியின் மகள் ஸ்நேகா டெல்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. மனைவி உஷாராணி ஒரு பக்கத்துக்குள் கொட்டாவி விட்டுவிடுவாள். மிஞ்சியவர் கருப்பசாமிதான்.

தினமும் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, உரக்க வாசித்துப் பதிவு செய்தார். அர்த்தம் புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒரு எழுத்தையும் விடமாட்டார். பக்க எண், அச்சகத்தின் பெயர், பின் அட்டையிலிருக்கும் விலை எல்லாம் அவர் குரலில் வந்தன.

"அண்ணே, விலையெல்லாம் பரீட்சைல கேக்க மாட்டாங்க," என்பாள் சாந்தகுமாரி.

"கேட்டா?"

ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் ஸ்நேகா அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவாள். மாறியது உறுதியானவுடன் கருப்பசாமி போனிலிருந்து அதை அழித்துவிடுவார். ஒரே பொருள் இரண்டு இடத்தில் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. ஆபீஸில் அப்படித்தான் குழப்பம் வருகிறது என்பார். குளிர்காலம் தொடங்கி ஏப்ரல் வரை, ஐந்து தாள்களுக்கும் உரிய பாடங்கள் இப்படிச் சேர்ந்தன. பரீட்சை ஜூனில்.

ஏப்ரல் கடைசியில் ஒரு புழுதிக்காற்று அடித்தது. அதற்குப் பின்தான் கம்ப்யூட்டர் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் மிக்ஸி மாதிரி. மே மாதத்தில் மாவு மில் மாதிரி. பாடம் கேட்கும் காது அந்த இரைச்சலில் அடைத்துப்போயிற்று. சாந்தகுமாரி ஸ்பீக்கரோடு காதை ஒட்டவைத்து உட்கார்ந்தாள். பாவம், பெட்டி சூட்டில் தவிக்கிறது என்று கருப்பசாமி ஜன்னல் கூலரின் வாயை அதன் பக்கம் திருப்பிவைத்தார். சத்தம் கூடியது. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். இன்னும் கூடியது.

"வீட்டுக்குள்ள தண்ணி லாரி வந்து நிக்க மாதிரி இருக்கு," என்றாள் உஷாராணி. "குக்கர் விசில்கூடக் காதுல விழல. நேத்து பருப்பு அடிப்பிடிச்சதுக்கு நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

பார்க்க வந்த ரிப்பேர்காரர் பெட்டியைத் திறக்காமலே தட்டிப் பார்த்து, புதிதாக வாங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் சனிக்கிழமை, லீவு நாள். கருப்பசாமி தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, பெட்டியை அதன்மேல் படுக்கவைத்தார். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எவர்சில்வர் தட்டில், அது எந்த மூலையிலிருந்து வந்ததோ அதே மூலையில் வைத்தார். பக்கத் தகட்டை எடுத்ததும் ஸ்நேகா மின்சாரத்தைப் போட்டாள். இரைச்சல் அறையை நிறைத்தது.

"பாப்பா, ஸிர்ஃப் ஃபேன்தான். பாருங்க," என்றாள் ஸ்நேகா, அப்பாவை ஹிந்தி வழக்கில் அழைத்து. பென்சிலின் ரப்பர் முனையால் உள்ளே சுழன்ற விசிறியின் நடுவில் மெல்ல அழுத்தினாள். ஒரு நொடி இரைச்சல் அடங்கியது. எடுத்ததும் மறுபடி எழுந்தது.

சாந்தகுமாரி செய்தித்தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பெட்டிக்குள்ளும் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னொரு சத்தம் இருக்கு. இதுக்கு அடியில."

"எங்கட்டி? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"விட்டு விட்டு வருது."

"முதல்ல கேக்குற சத்தத்தப் பாப்போம்," என்றார் கருப்பசாமி. அவருக்கு எதையும் வரிசையாகத்தான் செய்ய வரும்.

மின்சாரத்தை நிறுத்தி, வயரையும் பிடுங்கிவிட்டு விசிறியைக் கழற்றினார்கள். அதன் அடியிலிருந்த அலுமினியப் பட்டைகளுக்கு இடையில் இடைவெளியே இல்லை. டெல்லிப் புழுதியும் கூலரின் ஈரக்காற்றும் சேர்ந்து சேறாகி, காய்ந்து இறுகிப்போயிருந்தன. காற்றுப் போக வழியில்லாமல்தான் விசிறி அலறியிருக்கிறது.

"அச்சா! அதான் கூலர் வெச்சீங்களா பாப்பா?" என்று ஸ்நேகா சிரித்தாள். "நல்லா செடிக்குத் தண்ணி ஊத்துன மாதிரி."

கருப்பசாமி குனிந்து உட்கார்ந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷும் ஊசியுமாக ஒவ்வொரு பட்டையையும் சுத்தம் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பட்டைகள் வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. பக்கத் தகடு தவிர எல்லாவற்றையும் பூட்டி, கூலரைச் சமையலறைப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, பெட்டிக்கு உயிர் கொடுத்தார்.

சத்தமே இல்லை.

"அம்மாடி!" என்று உஷாராணி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு."

கருப்பசாமிக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அவருக்கும் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். யாரோ உள்ளே உட்கார்ந்து நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல.

"இதத்தான் சொன்னேன்," என்றாள் சாந்தகுமாரி. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

மூன்றாம் தாளின் பாடம் ஒன்றைப் போட்டாள். கருப்பசாமியின் குரல் தெளிவாக வந்தது. "பக்கம் நாற்பத்தொன்று," என்றது. அடுத்த வரியின் நடுவில் நின்றது. டிக். அதே சொல்லை மறுபடி தொட்டது. டிக், டிக். பிறகு அந்தக் குரலும் இல்லை, கம்ப்யூட்டரின் குரலும் இல்லை.

சாந்தகுமாரி கையை நீட்டி, பின்னால் தடவி, சுவிட்சை அணைத்தாள்.

"இனி யாரும் போடாதீங்க. பாடமெல்லாம் இருக்க ஹார்டு டிஸ்க்தான் அடிக்குது."

கருப்பசாமியின் கையில் ஸ்க்ரூ டிரைவர் இன்னும் இருந்தது. "அதையும் கழத்தித் தொடச்சுருவமா?"

"அத மட்டும் தொறக்கப்படாதுண்ணே. தூசி ஒரு துளி பட்டாலும் முடிஞ்சது."

கையளவு உலோகப் பெட்டி. காலை முழுக்க அத்தனையையும் கழற்றிப் பூட்டிய மனிதர் அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாவு மில் சத்தமே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் நேரு பிளேஸ் ஞாயிற்றுக்கிழமை அடைப்பு. அன்றே போயாக வேண்டும். ஆட்டோவில் சாந்தகுமாரி பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் அனல்காற்று. வேகத்தடை வரும்போதெல்லாம் கருப்பசாமி "ஆஹிஸ்தா பையா, ஆஹிஸ்தா," என்றார், மெதுவாகப் போகச் சொல்லி. அந்த ஒரு தடவை மட்டும் ஆட்டோக்காரரிடம் பட்டியலைச் சொல்லவில்லை.

இரண்டாம் மாடியில், அழிந்த தகவல்களை மீட்டுத் தருவதாகப் பலகை தொங்கிய ஒரு சிறிய கடை. தாடி வைத்த கடைக்காரர் டிஸ்கை மட்டும் கழற்றி, தன் மேஜையிலிருந்த வயரில் மாட்டி, காதோடு வைத்துக் கேட்டார். உடனே வயரைப் பிடுங்கினார். ஹிந்தியில் பொறுமையாகத்தான் விளக்கினார். உள்ளே தட்டு ஒன்று சுழல்கிறது, அதை ஊசி ஒன்று படிக்கிறது, அந்த ஊசி கெட்டுப்போய்த் தட்டை உரச ஆரம்பித்திருக்கிறது. மாற்று ஊசி போட்டு ஒரே ஒரு முறை முயலலாம். எல்லாம் வரலாம், பாதி வரலாம். முயற்சியிலேயே தட்டு சுரண்டப்பட்டு ஒன்றுமே வராமலும் போகலாம்.

"ஒண்ணும் செய்யாம இப்படியே வெச்சிருந்தா?" என்று கருப்பசாமி கேட்டார்.

"வெச்சிருக்கலாம். ஆனா கேக்க முடியாது," என்பதுதான் கடைக்காரர் சொன்னதன் அர்த்தம்.

கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். தகவல் அழிந்தால் கடை பொறுப்பல்ல என்று அச்சிட்டிருந்தது. வாடிக்கையாளர் கையொப்பமிட வேண்டும். கருப்பசாமி அதை மேலிருந்து கீழாக, கடையின் பெயரும் விலாசமும் உட்பட, சாந்தகுமாரிக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் குரல் இறங்கிவிட்டது.

"வேண்டாம்ட்டி. வீட்டுக்குப் போயிருவோம். நான் திரும்ப வாசிச்சுத் தாரேன்."

"அஞ்சு மாசம் வாசிச்சத மூணு வாரத்துலயா?"

"லீவு போடுதேன்."

"அண்ணே, இந்த மாசம் மூணு நாள் லீவுக்கே உங்க ஆபீஸர் என்ன சொன்னாரு?"

கருப்பசாமி பேனாவை எடுத்தார்.

"அப்பம் நான் போடுதேன். போச்சுன்னா எங்கையால போனதா இருக்கட்டும். நாளைக்கி நீ ஒன்னையே வையாம, என்னைய வையலாம்லா."

"ஸிஸ்டம் கிஸ்கா ஹை?" என்று கடைக்காரர் கேட்டார், யாருடையது என்று.

"மேரா," என்றாள் சாந்தகுமாரி, என்னுடையது என்று. கடைக்காரர் தர்மசங்கடத்தோடு மேஜையைத் துழாவினார். கட்டைவிரல் ரேகை வாங்க மைப்பெட்டி இல்லை, கூட வந்த பாயி ஸாபே, அண்ணனே, கையெழுத்துப் போட்டுவிடட்டும் என்றார்.

அதுவரை எல்லா இடத்திலும் அப்படித்தான் நடந்திருந்தது. பள்ளியில், வங்கியில், பரீட்சை விண்ணப்பத்தில், இடது கட்டைவிரலை மையில் அமுக்கி அண்ணன்தான் உரிய கட்டத்தில் வைப்பார். பக்கத்தில் சாட்சியாகத் தன் கையெழுத்தைப் போடுவார்.

"குடுங்கண்ணே. போனா என் கையெழுத்துல போகட்டும். ஒங்க கொரல் அதுல இருக்கு. அத அழிக்கலாம்னு நீங்க எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"

"ஒனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதேட்டி."

"ஸ்நேகா சொல்லிக் குடுத்திருக்கா. சாப்பாட்டுத் தட்டுல ரவையப் பரப்பி. மதினிக்குத் தெரியும்."

கருப்பசாமி தாளை அவள் முன்னால் நகர்த்தினார். கடைக்காரர் தன் இரும்பு ஸ்கேலைக் கையொப்பக் கோட்டுக்குச் சற்று மேலே வைத்து இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சாந்தகுமாரியின் இடது விரல் ஸ்கேலின் ஓரத்தைத் தடவிக் கண்டுபிடித்தது. வலது கை அந்த ஓரத்தை ஒட்டியே மெதுவாகப் போனது. ஸ்நேகாவுக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துதான். அதனால் ஆங்கில எழுத்து. நடுவில் ஒரு எழுத்து ஸ்கேல்மேல் ஏறித் தலையில்லாமல் போனது. அவள் நிறுத்தவில்லை.

இரண்டு தாள்களின் பாடங்கள் முழுதாகத் திரும்பி வந்ததும், மற்ற மூன்றும் வராததும், அந்த மூன்றில் ஒன்றை முன்பு காதில் விழுந்ததைக் கொண்டே எழுதி அவள் தேறியதும், மிச்ச இரண்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்ததும் பிறகு நடந்தவை. அந்த மேஜையருகே நின்றபோது கருப்பசாமிக்கு இவற்றில் எதுவும் தெரியாது. தலையில்லாத அந்த எழுத்தைப் பார்த்தார். தாளில் தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. அதை மட்டும் அவர் நிரப்பினார், நிதானமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்: 20 மே 2023.