வேம்பு அறுத்த நாற்று

வீரையனின் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. குறுவை அறுப்பில் கூலித் தகராறு. மிராசுதார் துரைராசு வெளியூர் ஆட்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் நடந்த கைகலப்பில் வீரையன் மேல் தடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, புண் இருந்த இடத்தில் மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டி விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஜன்னல் வழியாகப் புண்ணைத் துடைத்து மருந்து வைப்பது ஊர் நர்ஸான என் வேலை. ஒருநாள் விட்டு ஒருநாள் போவேன். அதனால்தான் அவன் மனைவி வேம்பு தொழில் தொடங்கியதை ஆரம்பத்திலிருந்து பார்க்க முடிந்தது. இப்போது அவளைத் துணிச்சல்காரி என்கிறார்கள். அப்போது அவள் பயந்துபோய்த்தான் இருந்தாள்.

குடிமனைப் பட்டா சட்டம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். குடிசை நின்ற இரண்டு சென்ட் அவர்களுக்குச் சொந்தமாகியிருந்தது. ஆனால் வேலை துரைராசுவின் வயலில்தான். அறுப்பு முடிந்த மறுநாள் அவருடைய காரியக்காரர் மருதையன் தெருவில் நின்று அறிவித்துவிட்டுப் போனார். கூலி கேட்டுச் சங்கக் கொடி பிடித்த பதினொரு வீட்டுக்கும் இனி ஐயா வயலில் வேலை இல்லை. பதினொன்றில் முதல் வீடு வீரையனுடையது.

அடுத்த வாரம் நான் போனபோது வேம்பு வாசலில் விதைநெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த இரண்டு ஆடுகளும் இல்லை. காதில் தோடும் இல்லை.

"நாத்து விடப்போறேன் நர்ஸம்மா."

"வயல் ஏது உனக்கு?"

"நடறதுக்கு இல்ல. விக்கிறதுக்கு."

முந்தைய வருஷம் ஐப்பசி மழையில் நட்ட பயிரெல்லாம் அழுகி, நாற்றுத் தேடிப் பூதலூர் வரை லாரி போனது. அந்த லாரியிலிருந்து கட்டுகளை இறக்கியவள் இவள். "பாதி வாடிக் கெடந்துச்சு. அதுக்கும் அடிச்சுக்கிட்டு நின்னாங்க. அன்னிக்கே மனசுல விழுந்துருச்சு."

"இந்த வருஷமும் அப்படிப் பெய்யும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பெய்யாட்டி மாட்டுக்குத்தான்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பெய்யாவிட்டால் தை அறுப்பு வரை அந்த வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

தெருவை ஒட்டி ரஹ்மத் பீவியின் மேட்டுக் கொல்லை இருந்தது. அவர் மகன் யூனுஸ் சிங்கப்பூரில். உழ ஆளில்லாமல் கருவேல முள் மண்டிக் கிடந்தது. பக்கத்திலேயே குளம். வேம்பு போய்க் கேட்டாள்.

"கொல்லையில பாம்பு கெடக்கு புள்ள."

"பாம்பை நான் பாத்துக்கறேன் ராவுத்தரம்மா. எடத்தை மட்டும் கொடுங்க."

"துரைராசு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"எங்கொல்லை, மாடும் கட்டுவேன், நாத்தும் விடுவேன்னு சொல்லுங்க."

"என் வாயால உன் சண்டையைப் போடச் சொல்றே" என்றார் ரஹ்மத் பீவி. ஆனால் கொடுத்தார். வாடகை வேண்டாம், முள்ளை வேரோடு எடுத்துத் தந்தால் போதும் என்றார். பதினொரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து நாலு நாளில் எடுத்தார்கள். வேம்பு அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். நாற்று விற்றால் அதை நடுகிற வேலையும் நமக்குத்தான்.

நாலு ஏக்கருக்குப் போதுமான நாற்று. முளைத்து விரற்கடை உயரம் வந்தபோது மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. வேம்பு மண்வெட்டியோடு கொல்லையிலேயே கிடந்தாள். குளக்கரையில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தாள். மேட்டு நிலம் என்பதால் நாற்று தப்பியது. கீழே துரைராசுவின் வயல்கள் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தன. வடிந்தபோது புதிதாக நட்டதெல்லாம் சேற்றோடு சேறாக அழுகிப்போயிருந்தது.

சுற்று வட்டாரத்தில் நடும் பருவத்தில் இருந்தது இந்த ஒரு கொல்லை நாற்றுதான். சின்ன விவசாயிகள் இரண்டு பேர் வந்து ஆசையாகப் பார்த்தார்கள். துரைராசுவின் டிராக்டர் இல்லாமல் சேறடிக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போனார்கள்.

பிறகு மருதையன் வந்தார். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை.

"ஐயா பூராவையும் எடுத்துக்கறாராம். என்ன வெலை?"

"நாத்தை மட்டும் கொடுக்கறதில்ல காரியக்காரரே. பறிச்சு நட்டுத் தர்றோம். பதினொரு வீடும் எறங்கும். கூலி சர்க்கார் சொன்ன கூலி."

மருதையன் சிரித்தார். "நீ நாத்துக்காரியா, சங்கத்துக்காரியா?"

"இன்னிக்கு நாத்துக்காரி."

"பூதலூருக்கு லாரி போயிருக்கு, தெரியுமா?"

"போய்ட்டு வரட்டும்."

அவர் போனதும் குடிசைக்குள் வீரையன் ஆரம்பித்தான். "எங்கால ஒடச்சவனுக்கே விக்கிறியா?"

"உங்காலு ஒடஞ்சதுக்கு நான் பட்டினி கெடக்கணுமா? வேற வயல் எங்கன இருக்கு, காட்டுய்யா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றான். காலை அசைக்காதே, கோபப்படுவதை இந்தப் பக்கம் பார்த்தபடியே படு என்றேன்.

மூன்று நாள் யாரும் வரவில்லை. நாற்றுக்கு வயது முப்பது தாண்டிவிட்டது. வேம்பு காலையும் மாலையும் ஒரு நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் அமுக்கிப் பார்ப்பாள். முற்றிக் கணு விழுந்த நாற்றை நட்டால் கிளை வெடிக்காது. அதைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அப்படியே வைத்திருப்பாள். ரத்தசோகை ஏற்கெனவே இருந்தது. மாத்திரை கொடுத்தேன். விழுங்கினாளா என்று நின்று பார்த்தேன்.

நாலாம் நாள் காலை நான் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போது மருதையன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை இறங்கி, கொல்லைக்குள் நடந்து, தானே ஒரு நாற்றைப் பிடுங்கி அமுக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும். வெலை ரெட்டிப்பாத் தர்றோம். நடவு எங்க ஆளு. ஐயாவுக்கு அவசரமில்ல வேம்பு. உனக்குத்தான் அவசரம்."

அவர் சொன்னது சரி. ரெட்டிப்பு விலை வாங்கினால் அவள் வீடு தை வரை தாண்டிவிடும். அவள் வாக்கை நம்பி முள் எடுத்த மற்ற பத்து வீட்டுப் பெண்கள் வேலியோரம் நின்றிருந்தார்கள். வேம்பு குடிசைக்குள் போய் அரிவாளோடு வந்தாள். மேற்குப் பாத்தியில் உட்கார்ந்து நாற்றை அறுக்க ஆரம்பித்தாள். அறுத்ததை வேலிக்கு அப்பால் நின்ற ரஹ்மத் பீவியின் மாட்டுக்கு வீசினாள்.

அம்சம் என்ற பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "அடியே, புத்தி கெட்டுப்போச்சா?"

"கைய விடு அம்சம்."

"எங்க வேலைடி அது."

"அதுக்குத்தான். நடவு இல்லாட்டி நாத்தும் இல்ல. விடு."

மருதையன் ஒரு பாத்தி முடியும்வரை நின்றார். பிறகு சைக்கிளை எடுத்தார். வேம்பு நிமிரவில்லை. அரிவாள் தவறிச் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டாள். ரத்தம் நாற்றில் சொட்டியது. நான் துணியோடு போனேன். "அப்பறம்" என்றாள். இரண்டாவது பாத்தி, மூன்றாவது பாத்தி. மாடு தின்ன முடியாமல் விலகி நின்றது. அவள் அறுத்துக்கொண்டே போனாள்.

பாதிக் கொல்லை மொட்டையான பிறகு துரைராசு வந்தார். சேற்றில் ஜீப் வராது என்பதால் குடை பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். பூதலூர் லாரி வழியில் வாய்க்கால் கரை உடைந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வேம்புக்கும் அப்போது தெரியாது.

"எதுக்கு அறுக்கற?"

"மாட்டுக்குங்க ஐயா."

"நிறுத்து."

"நடவு?"

அவர் வேலியோரம் நின்ற பெண்களைப் பார்த்தார். "வரப்புல எவ கையிலயும் கொடி இருக்கக்கூடாது."

"கொடியையும் புடிச்சுக்கிட்டு நடவும் நட ரெண்டு கை பத்தாதுங்க ஐயா."

அவர் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த பாத்திகளைக் கண்ணால் அளந்தார். "எவ்வளவு தேறும்?"

"ரெண்டு ஏக்கருக்கு. காலையில வந்திருந்தா நாலு."

"நாளைக்கு எறங்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வேம்பு அங்கேயே உட்கார்ந்தாள். விரலைப் பார்த்தேன். ஆழமான வெட்டு. இரண்டு தையல் போட்டேன். அப்போதுதான் அவளுக்கு வலி தெரிந்தது.

மறுநாள் பதினொரு வீட்டுப் பெண்களும் துரைராசுவின் வயலில் இறங்கினார்கள். முற்றத் தொடங்கிய நாற்று என்பதால் குத்துக்கு ஐந்தாறாக வைத்து நட்டார்கள். நாலு நாள் வேலை இரண்டே நாளில் தீர்ந்தது. "எங்க ரெண்டு நாள் வேலைய மாட்டுக்குப் போட்டுட்டா" என்று அம்சம் தெரு முழுக்கச் சொன்னாள். தை வரை வேம்போடு பேசவில்லை. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. வேம்புக்கும் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆடு திரும்பி வந்தது, தோடு வரவில்லை.

வீரையனின் கால் கூடியது, ஒரு அங்குலம் குட்டையாக. சித்திரையில் அவன் கம்பூன்றி வாசலில் உட்கார்ந்திருந்தபோது மருதையன் சைக்கிளில் வந்தார். குறுவைக்கு இப்போதே சொல்லிவைக்க வந்திருந்தார்.

"எத்தனை ஏக்கருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் வேம்பு.

"எட்டு" என்றார் மருதையன். பெடலில் கால் வைத்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டு சேர்த்துச் சொன்னார். "நடவோடதான்."

வேம்பு அவருக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்சம், எட்டு ஏக்கருடி. வர்றியா?"