சென்டர் அவுட்

கணபதி பகுதியில் லியோ வாத்தியார் வீட்டில் சாயங்காலமானால் ஒரு பொம்பளை ஆவி அழுகிறது என்று தெருவே பேசியது. பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ராமுலு, நேரில் பார்த்துவிடலாம் என்று கதவைத் தட்டினார்.

வதந்தியில் பாதி உண்மை. வாத்தியார் சேர்ப்பது 'சோல்' இசை. அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய, பக்கத்துக்கு ஒரே பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டுகள். தட்டின் நடுவில் பெரிய ஓட்டை, அவருடைய பிளேயரிலோ ஒல்லிக் கம்பி. நாலு வருஷமாக நடுவைக் கண்மதிப்பில் பார்த்துத்தான் தட்டை வைத்துக் கேட்கிறார். குரல் இழுத்து இழுத்து அழும். அதுதான் அந்த இசையின் சோகம் என்று நம்பி அவரும் அழுதிருக்கிறார். இப்போது தெருவுக்குப் பயந்து எல்லாவற்றையும் விற்றுவிடும் யோசனை.

ராமுலு குனிந்து தட்டு சுற்றுவதைப் பார்த்தார்.

"சார், அந்தம்மா அழுகலீங்க. தட்டு நடுவுல உக்காராம சென்டர் அவுட்டுங்க."

"அப்ப நான் அழுதது?"

"அது உங்க நல்ல மனசுங்க."

மறுநாளே ஓட்டைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் வளையமாகப் பித்தளையில் ஒரு புஷ் கடைந்து வந்தார். அது ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்ததும் குரல் நிமிர்ந்தது. அந்தப் பெண் இத்தனை நாளும் சந்தோஷமாகத்தான் பாடியிருக்கிறாள்! விற்கும் யோசனை அங்கேயே போயிற்று. வாத்தியார் ராமுலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வேணுங்க ராமுலு, கேளுங்க."

"ஒண்ணும் வேண்டாங்க. இந்தம்மா என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

முப்பது வருஷம் இங்கிலீஷ் பாடம் நடத்தியவர் காதைத் தீட்டினார். 'பேபி' மட்டும் புரிந்தது. மூன்று வாரமாகிறது, பாட்டின் மிச்ச அர்த்தம் ராமுலுவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.